குமரி மழைக்கு அழுகாத சட்டிக்கலவை: சாமான் எல்லாம் பக்கத்திலேயே கிடக்கிறது

கேட்டிருக்கும் தம்பிக்கு வீடு மார்த்தாண்டம் பக்கம். மொட்டைமாடியில் அடீனியம், கள்ளி, கொஞ்சம் சதைப்பற்றுச் செடிகள். ஆனிச் சாரல் பிடித்தால் ஆடி முடிவதற்குள் பாதி அழுகிவிடுகிறதாம். வெளிநாட்டு வீடியோக்களில் ப்யூமிஸ் என்ற எரிமலைக் கல், பெர்லைட், பைன் மரப்பட்டை என்று கலக்கிறார்கள், ஆன்லைனில் அதன் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, தண்ணீர் நிற்காத கலவைக்கு நம்ம ஊரில் என்ன கிடைக்கும் என்று கேட்கிறார்.

எல்லாமே கிடைக்கும் தம்பி. ஆனால் சாமான் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு சல்லடை வாங்கிவிடுங்கள். அந்த வீடியோக்காரர்கள் ப்யூமிஸ் என்று சொல்வது அவர்கள் ஊரில் எரிமலை இருப்பதால், அது அங்கே மலிவு என்பதால். செடியின் வேருக்கு எரிமலைக் கல்லா ஓட்டுத்துண்டா என்று தெரியாது. வேருக்குத் தெரிவது துண்டின் அளவும், துண்டுகளுக்கு நடுவே காற்று இருக்கிறதா என்பதும்தான். கடினமாக இருக்க வேண்டும், தண்ணீரில் கரையக்கூடாது, உப்போ சுண்ணாம்போ இருக்கக்கூடாது, 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். இந்த நாலும் பொருந்தினால் அது ப்யூமிஸ் வேலையைச் செய்யும்.

ஏன் அளவு இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இது புரியாமல் கலப்பவர்கள் எவ்வளவு நல்ல பொருள் போட்டாலும் சேறுதான் ஆகும். நனைந்த துவர்த்தை (குளிக்கும் துண்டை) கொடியில் போடுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கீழ் ஓரத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிச் சொட்டும், ஒரு கட்டத்தில் சொட்டுவதும் நின்றுபோகும், ஆனால் அந்த ஓரம் ஈரமாகவே இருக்கும். சட்டிக்குள்ளும் இதே கதைதான். ஓட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அடியில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் இறங்காமல் தொங்கி நிற்கும். மண்துகள் எவ்வளவு நைசோ அவ்வளவு உயரத்துக்கு அந்த ஈரப்பட்டை இருக்கும். வேர் அழுகுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதனால்தான் சட்டிக்கு அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று காலம் காலமாகச் சொல்வது பலிப்பதில்லை. நைசான மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் சுலபத்தில் தாண்டாது, அதனால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதாவது வேருக்கு இன்னும் கிட்டே. ஓட்டையை அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வையுங்கள், அல்லது ஒரு துண்டுக் கொசுவலை. அதற்கு மேல் அடியில் எதுவும் வேண்டாம்.

இன்னொரு தப்பான நம்பிக்கை, தோட்டத்து மண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் இளகிவிடும் என்பது. கால் பங்கு மணல் சேர்த்தால் மணலுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மண் போய் நிரப்பிவிடும், வெயிலில் காய்ந்தால் கட்டியாக இறுகும். கலவையில் முக்கால் பங்காவது பெரிய துண்டாக இருந்தால்தான் துண்டும் துண்டும் முட்டி நிற்கும், நடுவில் காற்று நிற்கும். பாதிக்குப் பாதி என்பது இரண்டும் கெட்டான்.

சரி, சாமானுக்கு வருவோம்.

முதல் இடம் பழைய ஓட்டுக்குத்தான் கொடுப்பேன். நம்ம மாவட்டத்தில் ஓட்டு வீடுகளை இடித்து கான்கிரீட் போடுவது ஓயவே இல்லை, கல்குளத்திலிருந்து களியக்காவிளை வரை எந்த ரோட்டில் போனாலும் ஒரு வீட்டு முன்னால் உடைந்த ஓடு குவித்துப் போட்டிருப்பார்கள். முழு ஓட்டுக்கு விலை சொல்வார்கள், உடைந்ததை எடுத்துக்கொண்டு போனால் இடம் காலியாகிறதே என்று சந்தோஷப்படுவார்கள். இயந்திரத்தில் அழுத்திச் செய்து நன்றாகச் சுட்ட ஓடு, பல மழைக்காலம் பார்த்தது. இனி சட்டிக்குள் கரைந்துவிடுமோ என்ற பயமே வேண்டாம். கூடவே அது தண்ணீரைக் கொஞ்சம் தனக்குள் குடித்து வைத்துக்கொள்ளும், துண்டுகளுக்கு நடுவே காற்றும் இருக்கும். ப்யூமிஸிடம் எல்லாரும் எதிர்பார்ப்பது இந்த இரண்டும்தான். பெயின்ட் அடித்த ஓட்டை விட்டுவிடுங்கள். முகட்டு ஓட்டில் சுண்ணாம்புக்காரையோ சிமென்டோ ஒட்டியிருக்கும், அதையும் தட்டி எடுத்த பிறகே உடையுங்கள். பாசி இருந்தால் பரவாயில்லை, கழுவினால் போய்விடும்.

உடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓட்டைத் தண்ணீரில் நனைத்து, சாக்குப்பைக்குள் போட்டு வாயை மடித்து, கருங்கல் மேல் வைத்து சுத்தியலால் அடிக்க வேண்டும். வெறுமனே அடித்தால் துண்டு கண்ணில் தெறிக்கும், தூசியும் பறக்கும். செங்கல், ஓடு, கருங்கல் எல்லாவற்றின் தூசியிலும் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்கு ஆகாது. அதனால் நனைப்பது கட்டாயம், மாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது. பொடிப்பொடியாக ஆகும் வரை அடிக்காதீர்கள். கொஞ்சம் அடித்து, சலித்து, மேலே நின்ற பெரிய துண்டை மட்டும் திரும்பச் சாக்கில் போட்டு அடித்தால் வீணாகும் தூள் பாதியாகக் குறையும்.

ஓடு கிடைக்கவில்லை என்றால் செங்கல். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் சூளைகள் இருக்கின்றன, அங்கே உடைசல் கல் எப்போதும் கிடக்கும். கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயத்தில், சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கொத்தனாருக்கு அது குறை, நமக்கோ அந்தக் குடிக்கிற தண்ணீர்தான் லாபம். பார்க்க வேண்டியது கல் நன்றாக வெந்திருக்கிறதா என்பதை மட்டும். வேகாத கல் வெளிறி இருக்கும், தட்டினால் சொத்தென்று சத்தம் வரும், ஒரு துண்டை ஒரு நாள் ஊறப் போட்டு விரலால் நசுக்கினால் சேறாக வரும். அதைச் சட்டியில் போட்டால் அடுத்த மழைக்குள் களிமண் ஆகிவிடும். அதிகம் வெந்து கறுத்து, வளைந்து, யாரும் வாங்காமல் ஒதுக்கிப் போட்ட கல்லைக் கேளுங்கள். உடைப்பது கஷ்டம், ஆனால் காலத்துக்கும் கரையாது. சாம்பல் நிற ஃப்ளை ஆஷ் கல் வேண்டவே வேண்டாம், அது சுட்டதில்லை, சுண்ணாம்பிலோ சிமென்டிலோ இறுகியது. இடித்த சுவரிலிருந்து எடுத்த செங்கலில் சிமென்ட் ஒட்டியிருந்தாலும் இதே பிரச்சினைதான், கலவை காரத்தன்மைக்குப் போய் இலை மஞ்சளாகும். சந்தேகம் இருந்தால் துண்டின் மேல் கொஞ்சம் வினிகர் விடுங்கள், நுரைத்தால் தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது ஜல்லி. ஹார்ட்வேர் கடையில் இல்லை, மணல் ஜல்லி விற்கும் யார்டில் கால் இஞ்ச் சிப்ஸ் அல்லது பேபி ஜல்லி என்று கேளுங்கள், 6 மில்லிமீட்டர் அளவில் கொடுப்பார்கள். இது நம்ம ஊர் கருங்கல், தண்ணீர் குடிக்காது, கரையாது, செடிக்குக் கெடுதலும் செய்யாது. ஆனால் கனம். கலவையில் பத்தில் இரண்டு பங்குக்கு மேல் போட்டால் சட்டியை நகர்த்த ஆள் கூப்பிட வேண்டியிருக்கும், மொட்டைமாடிக்கும் பாரம். அடீனியம் மாதிரி தலைக்கனம் உள்ள செடி காற்றில் கவிழாமல் இருக்க இரண்டு பங்கு வரை நல்லது.

எம்-சாண்ட் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். அப்படியே போடாதீர்கள். கல்லை உடைத்துச் செய்யும் மணலில் 150 மைக்ரானுக்குக் கீழான மாவு 20 சதவீதம் வரை இருக்கலாம் என்று தர நிர்ணயமே அனுமதிக்கிறது. கான்கிரீட்டுக்கு அது சரி, அந்த மாவு இடைவெளியை அடைத்து இறுக்குவதுதான் அங்கே வேண்டியது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். சலித்து, மேலே நிற்கும் கரட்டு மணலை மட்டும் எடுத்துக் கழுவினால் உபயோகப்படும். கிரஷர் தூள் பக்கமே போகாதீர்கள்.

இதைவிட நல்ல ஒன்று சும்மாவே கிடைக்கும். பக்கத்தில் எங்கேயாவது சுவர்ப் பூச்சு வேலை நடந்தால் போய்ப் பாருங்கள். ஆற்றுமணலோ எம்-சாண்டோ, கையாள் சாய்த்து வைத்த வலையில் மண்வெட்டியால் அள்ளி வீசுவார், நைசு பின்னால் விழும், கரடு வலைக்கு முன்னால் சரிந்து குவியும். அந்தக் குவியலை வேலை முடிந்ததும் குழியில் தள்ளிவிடுவார்கள். பருப்பு அளவும் பட்டாணி அளவுமாகக் கல், நடுவே கொஞ்சம் மணல். சிமென்ட் கலப்பதற்கு முன் சலித்தது என்பதால் சுத்தமானது. ரெண்டு சாக்கு கேட்டால் மேஸ்திரி தடுக்கமாட்டார், ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால் போதும்.

சிரட்டைக்கரி நம்ம பக்கத்தின் பெரிய சொத்து. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை நெய்யாற்றின்கரைப் பக்கமெல்லாம் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் கரி, ஓட்டுத்துண்டு, கதம்பல் (தேங்காய் மட்டை) துண்டு இந்த மூன்றை வைத்தே காலம் தள்ளுகிறார்கள், மண் என்பதே இல்லை. கரி லேசானது, மக்காது, காற்றுக்கு இடம் கொடுக்கும். கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்க்கும் கடை இன்னும் உங்கள் பக்கம் இருந்தால், மூட்டையின் அடியில் நிற்கும் குருணைக் கரியைக் கேளுங்கள், பெட்டிக்கு ஆகாத அந்த அளவுதான் சட்டிக்குச் சரியான அளவு. சாம்பல் ஒட்டியிருக்கும் என்பதால் ரெண்டு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். இறைச்சி சுடுவதற்கென்று அழுத்திச் செய்து விற்கும் கரிக்கட்டி வேண்டாம், நனைந்தால் மாவாகிவிடும்.

உமி, நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரைஸ்மில்லில் புழுங்கல் நெல்லின் உமியாகப் பார்த்து வாங்குங்கள், அவித்த நெல் என்பதால் கலந்து கிடக்கும் மணிகள் முளைக்காது. பச்சரிசி உமி போட்டால் அடீனியம் சட்டியில் நாற்று நிற்கும். உமியில் சிலிக்கா அதிகம், அதனால் மற்ற விவசாயக் கழிவு மாதிரி சீக்கிரம் மக்காது. பச்சை உமியாகப் பத்தில் ஒரு பங்கு போடலாம். கருக்கிப் போட்டால் இன்னும் நல்லது.

உமி கருக்குவதை நிறையப் பேர் கெடுத்துவிடுகிறார்கள், அதனால் இதை விவரமாகச் சொல்கிறேன். பழைய எண்ணெய் டின் ஒன்றின் பக்கங்களில் ஆணியால் நிறைய ஓட்டை போட்டு, மேல் பக்கம் ஒரு தகரக் குழாயை நிறுத்துங்கள், புகை போக. டின்னுக்குள் சிரட்டையும் ஓலைச்சுருளும் வைத்துத் தீ மூட்டி, அதைச் சுற்றி டின் மறையும் அளவுக்கு உமியைக் கூம்பாகக் குவித்துவிடுங்கள். உமி எரியக்கூடாது, புகைந்து கருக வேண்டும். கொஞ்ச நேரத்தில் குவியலின் மேல்பக்கம் அங்கங்கே பழுப்புத் திட்டு தெரியும், அது கறுப்பாகும். கறுத்த இடத்தைக் கட்டையால் தள்ளிவிட்டு, வெளியே இருக்கும் மஞ்சள் உமியை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குவியல் முழுக்கக் கறுத்ததும் காத்திருக்கக்கூடாது, உடனே பரப்பித் தண்ணீர் அடித்து அணையுங்கள், நன்றாகக் கிளறி மறுபடி அடியுங்கள். உள்ளே ஒரு பொறி நின்றால்கூட ராத்திரியோடு ராத்திரி எல்லாம் வெள்ளைச் சாம்பலாகிவிடும். சரியாகக் கருகிய உமி உமியின் உருவத்திலேயே, படகு மாதிரி வளைவோடு, கறுப்பாக இருக்கும். சாம்பல் நைசாகவும் காரமாகவும் இருக்கும், இடைவெளியை அடைக்கும். மில் பாய்லரில் இருந்து வரும் சாம்பலை உமிக்கரி என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மாடியில் இதைச் செய்ய வேண்டாம், பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்ட நாளிலும் வேண்டாம்.

பைன் பட்டைக்குப் பதில் கதம்பல் துண்டு. காய்ந்த கதம்பலைக் கத்தியால் அரை இஞ்ச் துண்டுகளாக வெட்டி, வாளியில் ஊறப் போட்டு, தண்ணீர் காப்பி நிறத்திலிருந்து வெளிறிய சாயா நிறத்துக்கு வரும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கதம்பலில் பொட்டாசியம், சோடியம் உப்புகளும் துவர்ப்பும் இயல்பாகவே உண்டு. உப்பங்கழியில் ஊறப் போட்டுத் தும்பு (நார்) எடுத்த கதம்பலில் உப்பு இன்னும் அதிகமாக இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள், கடையில் கோகோபீட் என்று கட்டியாக விற்பது, அதற்கும் இதே கழுவல்தான். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும், ஆகவே ஒரு கட்டி வாங்கினால் நிறைய நாளைக்கு ஓடும். கழுவியபின் ஒரு ராத்திரி கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்து மறுபடி கழுவினால், தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலையைச் செய்யாததால்தான் கோகோபீட்டில் வைத்த செடி நுனி கருகுகிறது என்று நிறையப் பேர் புலம்புகிறார்கள். இது தண்ணீரைப் பிடித்து வைப்பதில் மன்னன் என்பதால், உங்கள் கள்ளிக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடக்கூடாது. நர்சரியிலிருந்து வரும் செடியின் வேர்க்கட்டி முழுக்க இதுதான் இருக்கும், சட்டி மாற்றும்போது அதை உதறிவிடுங்கள். வெளியே கல்லும் உள்ளே பஞ்சுமாக இருந்தால் அந்தப் பஞ்சு காயவே காயாது.

செம்புறாங்கல் சரல் போடலாமா என்றால், போடலாம், அரை மனதோடு. தோண்டிய புது வெட்டுக்கல் மிருதுவானது, சட்டியில் மண்ணாகிவிடும். மழையிலும் வெயிலிலும் கிடந்து உருண்டையாக இறுகிப்போன சரல் கல் நல்லது, கழுவிச் சலித்து எடுங்கள். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும் என்பதால் முழுக்க முழுக்க அதையே நம்ப வேண்டாம், ஒரு பங்கு போதும்.

சேர்க்கக்கூடாதவை என்று சில இருக்கின்றன, மூன்றுமே நம்ம மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பதால் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று கடல்மணல். உப்பு ஒருபக்கம், சிப்பித்தூளின் சுண்ணாம்பு ஒருபக்கம், மணலும் நைசு. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட்டும், தோரியம் உள்ள மோனசைட்டும் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம் ஆலை வைத்துப் பிரித்தெடுக்கும் சரக்கு அது, அதை அள்ளிக்கொண்டு வந்து சட்டியில் போடுவது சட்டப்படியும் சரியில்லை. இரண்டாவது முந்திரித் தோடு. முந்திரி ஆலைகளில் கும்பலாகக் கிடைக்கும், பார்க்கச் சரியான அளவில், கடினமாக, ஆசையாக இருக்கும். அதற்குள் தோலைப் பொத்துவிடும் எண்ணெய் இருக்கிறது, வேர் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ரப்பர் மரத்தூள். ரப்பர் தடியில் பூச்சியும் பூஞ்சையும் விழாமல் இருக்க போரான் உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள், அப்படிப் பதப்படுத்திய பலகையை இழைத்த தூளில் செடிக்கு நஞ்சாகும் அளவுக்கு போரான் இருக்கும். பதப்படுத்தாத பச்சைத் தூளாக இருந்தாலும் மக்கும்போது தழைச்சத்தை எல்லாம் அதுவே தின்றுவிடும். மாட்டுத்தொழுவத்தில் விரித்து மக்கவைத்து விளையில், அதாவது தோட்டத்தில், போடுங்கள், சட்டிக்கு வேண்டாம்.

சல்லடை மூன்று போதும். ஹார்ட்வேர் கடையில் அரை இஞ்ச் வலை, கால் இஞ்ச் வலை, ஜன்னலுக்கு அடிக்கும் கம்பிக் கொசுவலை, இவற்றை மரச்சட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அரை இஞ்சில் நின்றதைத் திரும்ப உடைக்க வேண்டும். அரைக்கும் காலுக்கும் நடுவில் வந்தது ஆர்க்கிட்டுக்கும் பெரிய சட்டிக்கும். கால் இஞ்சில் இறங்கிக் கொசுவலையில் நின்றது நம்ம தங்கம். கொசுவலையிலும் இறங்கிய தூளை தென்னை மூட்டில் கொட்டிவிடுங்கள், எவ்வளவு மனசு வலித்தாலும் கலவையில் சேர்க்காதீர்கள். சலித்ததைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுக் கழுவும்போது சிவப்புத் தண்ணீர் ஓடும், அது தெளியும் வரை கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் அந்தச் சிவப்புத் தூள்தான் பிறகு அடியில் போய்ப் படிந்து ஓட்டையை அடைக்கும்.

அளவு சொல்கிறேன், பெயின்ட் டப்பாவால் அளந்தால் போதும், எடை பார்க்க வேண்டாம். மார்த்தாண்டத்து மழைக்கு அடீனியம், கள்ளி என்றால் ஓடு அல்லது செங்கல் துண்டு 5, மேஸ்திரி ஒதுக்கிய கரட்டுக் கல் அல்லது பேபி ஜல்லி 2, சிரட்டைக்கரி 1, உமிக்கரி 1, கழுவிய கோகோபீட்டும் நன்றாக மக்கிய ஆட்டுப்புழுக்கைத் தூளும் சேர்ந்து 1. கூட ஒரு கை வேப்பம்புண்ணாக்கு, ஒரு கை எல்லுப்பொடி (எலும்புத்தூள்). மணி பிளான்ட், பிலோடென்ட்ரான் வகைக்கு ஓட்டுத்துண்டைக் குறைத்து கதம்பல் துண்டைக் கூட்டுங்கள். ஆந்தூரியத்துக்கு மண் சாணம் எதுவும் வேண்டாம், கரி, ஓடு, கதம்பல் சமபங்கு. கத்தரி, வெண்டைக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு, அவற்றுக்கு இது தண்ணீர் பத்தாது.

இதே கணக்கை ஆரல்வாய்மொழியில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு அப்படியே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை, நடுவிலும் மூட்டம். அங்கே முப்பந்தல் காற்றாலையைச் சுற்றும் காற்று சட்டியையும் ஒரே நாளில் காயவைத்துவிடும். அங்கே கோகோபீட்டும் உரமும் சேர்ந்து 3 பங்கு வரை போகலாம், ஓட்டுத்துண்டைக் குறைக்கலாம். சேலத்தில் ஒருவர் சொன்ன அளவு, பெங்களூரில் ஒருவர் சொன்ன அளவு என்று எடுத்துப் போடுவதும் இதே மாதிரிதான் ஆகும்.

கலந்தது சரியா என்று சட்டியில் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, கலவையை நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டாமல் ஊற்ற ஊற்ற உடனே இறங்கி அடியில் ஒழுக வேண்டும். சொட்டு நின்றபின் பாட்டிலைப் பக்கவாட்டில் பாருங்கள், அடியில் பளபளவென்று ஈரம் நிறைந்த பட்டை தெரியும். பக்கத்தில் இன்னொரு பாட்டிலில் உங்கள் பழைய மண்ணைப் போட்டு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இப்போது பாட்டிலை ஒருபக்கம் சாயுங்கள், நின்றுபோன தண்ணீர் மறுபடி ஒழுகும். மழைக்காலத்தில் சட்டியின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைத்துச் சாய்ப்பது இதற்காகத்தான். ஓட்டை வழியாக ஒரு நூல்கயிற்றைக் கீழே தொங்கவிட்டாலும் அது அந்த ஈரத்தை இழுத்து இறக்கும். உயரமான சட்டி தட்டையான சட்டியைவிட ஏன் நல்லது என்பதும் இதிலிருந்தே தெரியும், ஈரப்பட்டையின் உயரம் இரண்டிலும் ஒன்றுதான், தட்டையான சட்டியில் அது பாதி இடத்தைப் பிடித்துவிடுகிறது. சுட்ட மண்சட்டி கிடைத்தால் பிளாஸ்டிக்கை விடச் சிறந்தது, சுவர் வழியாகவும் காயும்.

ஒரு சிரமத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கலவையில் சத்து நிற்காது, தண்ணீரோடு இறங்கிவிடும். 19:19:19 மாதிரி கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் வளரும் காலத்தில் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள், மழை விடாமல் பெய்யும் வாரங்களில் வேண்டாம். வெயில் காலத்தில் தண்ணீரும் அடிக்கடி தேவைப்படும். எப்போது ஊற்றுவது என்று தெரியவில்லை என்றால் ஒரு தென்னை ஈர்க்குச்சியை அடி வரைக்கும் குத்தி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து உருவிக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மழைக்காலத்தில் சட்டி மாற்ற ஆரம்பிக்காதீர்கள். மாசி பங்குனியில், மழை இல்லாதபோது சட்டி மாற்றினால் வேருக்குப் பிடிக்க நேரம் இருக்கும். அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி, நிழலில் சில நாள் காயவைத்து, வெட்டுவாய் உலர்ந்து மூடியபின் வையுங்கள். வைத்த உடனே தண்ணீர் ஊற்றாமல் ஒரு வாரம் சும்மா விடுங்கள். அதுவரை இருக்கும் செடிகளை மாடியில் ஒரு ஷீட்டுக்கு அடியில் நகர்த்திவிட்டு, ஓட்டுத்துண்டையும் கரியையும் சேர்த்து வைக்க ஆரம்பியுங்கள், சாக்கு நிறைய கொஞ்சம் காலம் எடுக்கும்.